அளவுப்பாரம்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு, ஒரு மாவட்டத்துக்கு வந்து சேர வேண்டியவை ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், அவர்களுக்குப் பெயர்ப்பலகைகள் வந்தன. மாநிலச் சோதனை இசை வளர்ச்சி வாரியத்தின் வரைபடத்தில் மட்டும் கள்ளக்குறிச்சி வெள்ளையாகவே கிடந்தது. மாவட்டத்துக்கு ஒரு சோதனை இசைக் குழு இருந்தாக வேண்டும் என்பது வாரியத்தின் கொள்கை. குழு இல்லாத மாவட்டத்தின் இணை இயக்குநர் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். இணை இயக்குநர் தெய்வசிகாமணிக்கு முழங்கால் வலி. அந்த ஒரே காரணத்தால்தான் அவர் அறிவுச்செல்வனைத் தேடி வந்தார்.

அப்படி ஒரு வாரியம் இருப்பதே அறிவுச்செல்வனுக்குத் தெரியாது. ரிஷிவந்தியத்துக்காரன். அப்பாவும் அம்மா ஆயம்மாளும் கரும்பு வெட்டுகிறவர்கள். அவன் அந்தக் கரும்பை டிராக்டரில் ஆலைக்குக் கொண்டுபோகிறவன். அரவைக் காலத்தில் ஓட்டுகிற நேரத்தைவிட ஆலை வாசலில் வண்டி வரிசையில் நிற்கிற நேரம்தான் அதிகம். உட்கார்ந்த இடத்தில் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டிருப்பான். உளுந்தூர்பேட்டையில் ஒரு கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா கலைந்தபோது அவர்களுடைய டிரம்ஸ் செட்டை வாங்கி வந்து, செல்போனில் பார்த்துப் பார்த்துத் தானாகவே பழகினான். அவன் பரம்பரையில் அதற்குமுன் யாரும் எந்த மேளத்தையும் தொட்டதில்லை.

களமருதூரில் நிலபுலன் உள்ள வீட்டுப் பையன் சுபாஷ். அவர்கள் கரும்பு அறிவின் வண்டியில்தான் போகும். கோயம்புத்தூருக்கு என்ஜினியரிங் படிக்கப் போனவன் கிட்டாரோடு திரும்பி வந்திருந்தான். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் அந்தக் கிட்டாரை மாட்டினால் கரும்பாலை சங்கு ஊதுவதுபோல ஒரு சத்தம் வரும் என்று கண்டுபிடித்ததும் அவன்தான். இரண்டு பேரும் சுபாஷ் வயலில் இருந்த மோட்டார் கொட்டகையில் வாசிக்க ஆரம்பித்தார்கள். சுபாஷின் வீட்டுக்குள் அறிவு போனதில்லை. கொட்டகையில் அந்தப் பேச்சே எழவில்லை.

மூன்றாவதாக வந்தவள் ஆண்டாள். கள்ளக்குறிச்சியில் விளம்பர ஆட்டோக்களுக்குக் குரல் பதிவு செய்து கொடுப்பவள். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, எருமாட்டுச் சந்தை, மூலநோய் சிகிச்சை முகாம், எதுவானாலும் ஊர்த்தெருக்களில் அவள் குரல்தான் போய்க்கொண்டிருக்கும். ஆனால் அவள் முகம் யாருக்கும் தெரியாது. ஒரு விளம்பரத்துக்குப் பின்னணி இசை கேட்டு வந்தவள், கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கேட்டாள். அந்த விளம்பரம் வெளிவரவே இல்லை. அவள் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தத்தை வைத்துத்தான் அறிவு முதல் அடியை அடிப்பான். நாளாக ஆக, அவள் பாடாமல் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதும் அவன் அந்த மூச்சைக் கவனிக்கத் தொடங்கினான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்வதற்கு ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழுவுக்கு ‘ஓவர்லோடு’ என்று பெயர் வைத்தார்கள். முதல் கச்சேரி மணலூர்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. அவர்களுடைய பெரிய பாட்டின் பெயர் ‘கேட்டு’. ஆலை வாசலில் கரும்பு வண்டி நிற்பதுதான் பாட்டு. அறிவு ஒரே அடியை அடித்துக்கொண்டே இருப்பான். சுபாஷ் ஒரே நரம்பை இழுத்துக்கொண்டிருப்பான். ஆண்டாள் வண்டி எண்களை, விளம்பரம் சொல்கிற அதே குரலில், மெல்ல மெல்ல ஒப்பாரிக்குக் கொண்டுபோவாள். பிறகு மூவரும் நிறுத்திவிடுவார்கள். நீண்ட நேரம் ஒன்றும் நடக்காது. கேட்கிறவனுக்கு வியர்க்கத் தொடங்கும்போது கேட்டு திறக்கும், மூவரும் ஒன்றாகப் பாய்வார்கள். மணலூர்பேட்டையில் அது திறப்பதற்குள் பெண்ணின் மாமா வயரைப் பிடுங்கிவிட்டார்.

ஆனால் ஒவ்வொரு கச்சேரியிலும் பத்துப் பேர் எழுந்து போனால் ஒருவர் அழுதார். ஒரு முறை திருக்கோவிலூர்ப் பக்கம் லாரி டிரைவர் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து, அறிவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். வீடியோவுக்குக் கீழே ஏதோ ஒரு நாட்டுக்காரன் தன் மொழியில் நீளமாக எழுதியிருந்தான். பாராட்டாகத்தான் இருக்கும் என்று மூவரும் முடிவுசெய்து, அன்று டீக்கடையில் போண்டா சாப்பிட்டார்கள். அந்த வீடியோதான் தெய்வசிகாமணியின் கண்ணில் பட்டது.

அவர் கொட்டகைக்கு வந்து, வரப்பில் நடந்த களைப்பில் முழுப் பாட்டையும் உட்கார்ந்தே கேட்டார். மாவட்டம் உங்களுக்காகத்தான் காத்திருந்தது என்றார். வாரியத்தில் சேர்ந்தால் மேடை உண்டு, ஒலிப்பதிவு உண்டு, டெல்லி வரைக்கும் போகலாம் என்றார். மூவருக்கும் நம்ப முடியவில்லை. அவ்வளவு பெரிய ஆள் வியர்க்க வியர்க்க வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று ஆண்டாள் கொட்டகையிலிருந்த ஒரே மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

வாரியத்தின் நிபுணர் குழு முன்னால் அவர்கள் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. முதலில் பெயர். ஓவர்லோடு என்பது ஆங்கிலம், ஆகவே ‘மிகைப்பாரம்’ என்று மாற்றலாம் என்றார் ஒரு நிபுணர். மிகைப்பாரம் ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம், வாரியம் குற்றத்தை ஊக்குவிக்கக் கூடாது என்றார் இன்னொருவர். நெடுநேரம் ஆலோசித்து ‘அளவுப்பாரம்’ என்று முடிவானது. எல்லோரும் கைதட்டினார்கள். அறிவும் தட்டினான்.

பிறகு பாட்டு. ‘கேட்டு’ என்றால் செவிமடுத்து என்று பொருள், என்ன ஆழமான தலைப்பு என்று நிபுணர்கள் வியந்தார்கள். நடுவில் அமைதி வந்ததும் எல்லோரும் சட்டென்று எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து தெய்வசிகாமணி குனிந்தபடியே சுபாஷைப் பார்த்து, யார் மறைவுக்கு என்று ரகசியமாகக் கேட்டார். யாரும் மறையவில்லை, வண்டி நிற்கிறது என்றான் சுபாஷ். நிபுணர்கள் உட்கார்ந்தார்கள். மௌன அஞ்சலிக்கு இரண்டு நிமிடம்தான் வரம்பு, இவ்வளவு நீளமான மௌனத்துக்குக் குறைந்தது நாலைந்து தலைவர்களாவது இறந்திருக்க வேண்டும் என்று விளக்கினார்கள்.

“அதுமட்டுமில்ல, ஆலை வாசல்ல விவசாயி காத்திருக்கிற மாதிரி வருது” என்றார் தெய்வசிகாமணி. “நம்ம மாநிலத்துல எங்கேயும் யாரும் காத்திருக்கறதில்ல. அதனால கேட்டு முதல்லயே திறந்துடட்டும். நீங்க அதுக்கப்புறம் சோதனை பண்ணிக்குங்க.”

இப்படியாகப் பாட்டு மூன்று நிமிடத்துக்கு வந்தது. சுபாஷ் முறுக்கிக்கொண்டான். முதலில் உள்ளே போய்விடலாம், அப்புறம் நம்ம இஷ்டத்துக்கு வாசிக்கலாம் என்று ஆண்டாள்தான் சமாதானம் செய்தாள். அறிவும் அப்படித்தான் நினைத்தான். வாசலில் காத்திருந்து பழகியவனுக்கு உள்ளே போவது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

கடைசியாக வகைப்பாடு. அப்பா என்ன செய்கிறார் என்று சுபாஷைக் கேட்டார்கள். விவசாயம், சொந்த நிலம் என்றான். ‘நவீனம்’ என்று எழுதிக்கொண்டார்கள். ஆண்டாளை ‘நவீனம், பெண்’ என்று எழுதிக்கொண்டார்கள். அறிவிடம் அப்பாவைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். ‘நாட்டுப்புறம்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

“நான் டிரம்ஸ்ங்க” என்றான் அறிவு. “போன்ல பாத்துக் கத்துக்கினது.”

“போன்ல பாத்தது கை, தம்பி. தாளம் ரத்தத்துல வந்தது” என்றார் தெய்வசிகாமணி கனிவோடு. “இதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல. வாரியம் பாகுபாடே பாக்கறதில்ல. பாகுபாடு வந்துடக் கூடாதுன்னுதான் தனித்தனிப் பிரிவே வெச்சிருக்கோம்.”

சுபாஷும் ஆண்டாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அறிவு பார்த்தான். ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தான். ஆண்டாள் வெளியே வந்த பிறகு நிறையச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த ஆட்களைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்து கல்வராயன் மலையில் வாரியத்தின் மலைவிழா. சுபாஷுக்கும் ஆண்டாளுக்கும் கறுப்பு உடை. அறிவுக்கு முழங்கால் வரை ஒரு வேட்டி, தலையில் மயிலிறகு, மார்பில் இலை மாலை. டிரம்ஸ் செட்டை மேடையில் ஏற்ற அனுமதியில்லை. அது மேற்கத்தியக் கருவி, நாட்டுப்புறப் பிரிவினர் தொடக் கூடாது. ஒரு பானையும் ஒரு மேளமும் கொடுத்தார்கள். எப்படி அடிக்க வேண்டும் என்று கேட்டான். அடிக்க வேண்டியதே இல்லை, எல்லாம் ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது, கையை மட்டும் ஆட்டினால் போதும், அடிக்கடி சிரிக்க வேண்டும் என்றார்கள்.

மலைக்காரர்கள் பேண்ட் சட்டையிலும் நைட்டியிலும் வந்திருந்தார்கள். படத்தில் மலைமக்கள்போல விழவில்லை என்பதால் அவர்களைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டு, முன்வரிசையில் வாரிய ஊழியர்களை இலை மாலையோடு உட்கார வைத்திருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மலைக்காரப் பெண்மணி அறிவை மேலும் கீழும் பார்த்தாள்.

“உன்து எந்த மலப்பா? இந்த மாரி நாங்க பாத்ததே இல்லியே.”

“ரிஷிவந்தியம்மா” என்றான் அறிவு. அவள் அது எந்தப் பக்கத்து மலை என்று யோசித்துக்கொண்டே போனாள்.

பாட்டு ஓடியது. அவன் கையை ஆட்டினான், சிரித்தான். பாதியில் கரண்டு போயிற்று. ஜெனரேட்டர்காரர் சாப்பிடப் போயிருந்தார். பதிவு நின்றுவிட்ட மேடையில் மூவரும் பொம்மைபோல நின்றார்கள். மலையில் அப்படி ஒரு அமைதி. காற்றும் எங்கோ ஒரு ஆட்டின் குரலும் தவிர ஒன்றுமில்லை. அந்த அமைதியில், பக்கத்தில் ஆண்டாள் மூச்சை உள்ளே இழுப்பது அவனுக்குக் கேட்டது.

அவன் அடித்தான். பானையின் வாயில் உள்ளங்கையால் ஒரு அடி. அவள் வண்டி எண்களைத் தொடங்கினாள். மைக் இல்லாத அவள் குரலை அவன் அன்றுதான் திறந்தவெளியில் கேட்டான். சுபாஷ் சத்தம் வராத கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, மேடைப் பலகையை ஷூ காலால் உதைத்தான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார்கள், நிறுத்த வேண்டிய அளவுக்கு நிறுத்தினார்கள். யாரும் எழுந்து போகவில்லை. யாரும் இருமக்கூட இல்லை. கேட்டு திறந்தபோது பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்திருந்தார்கள். ஆண்டாள் அழுதுகொண்டே சிரித்தாள். இறங்கும்போது, வேர்வையில் நனைந்த அவன் தலையிலிருந்து மயிலிறகைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவன் தோளில் நெற்றியை ஒரு கணம் வைத்து எடுத்தாள். திரும்பிப் போகும் வேனில் அவள் தூங்கிவிட்டாள். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அறிவு நினைத்தான்.

மறுநாள் விசாரணை வந்தது. குற்றச்சாட்டு, அனுமதியின்றி நேரலையாக வாசித்தது. வாரியத்தின் வரலாற்றில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை என்று தெய்வசிகாமணி வருத்தப்பட்டார். சுபாஷும் ஆண்டாளும் நவீனப் பிரிவு, சோதனை செய்ய உரிமை உள்ளவர்கள். அவர்கள் செய்தது தவறாகிப்போன சோதனை, அதை மன்னிக்கலாம். அறிவுச்செல்வன் நாட்டுப்புறம், நாட்டுப்புறம் மாறாமல் இருக்க வேண்டியது, அது சோதனை செய்ய விதியில் இடமில்லை.

“தம்பி மேல எனக்குத் தனிப்பட்ட பிரியம் உண்டு” என்றார். “ஆனா எல்லாரும் எல்லாத்தையும் வாசிக்க ஆரம்பிச்சா, அப்புறம் நாங்க எதுக்கு?”

டெல்லிக்குப் போகிற பட்டியலில் இரண்டு பெயர்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் இருவரும் ரிஷிவந்தியத்துக்கு வந்தார்கள். அறிவு டிராக்டருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். ஆயம்மாள் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். நீ இல்லாமல் நாங்கள் போகவே மாட்டோம், அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வரப்போகிறோம் என்றான் சுபாஷ். ஆண்டாள் நாற்காலியில் உட்காராமல் டிராக்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் முகம் தெரியாமல் மூலநோய்க்கு விளம்பரம் சொன்னவள் அவள். டெல்லி மேடையில் நிற்கப்போவதாக அவள் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார் என்பது அறிவுக்குத் தெரியும்.

“நீங்க போய்ட்டு வாங்க” என்றான். “எனுக்கு எப்படியும் தோதுப்படாது. அரவை ஆரம்பிச்சிடுச்சு, லோடு ஜாஸ்தி. வண்டிய வுட்டுட்டு எங்க வர்றது?”

“நெசமாவா சொல்ற?” என்றாள் ஆண்டாள்.

“பின்ன இன்னா, பொய்யா சொல்றன்? போ. நல்லா பாடு.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையை ஆட்டினாள். சுபாஷ் அவனைக் கட்டிப்பிடித்து, நீதான்டா மச்சான் என்றான். இருவரும் பைக்கில் ஏறிப் போனார்கள். அறிவு கிரீஸ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அரவை தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. களமருதூரில் கரும்பு போடுகிற சுபாஷுக்கு அது தெரியாமல் இருக்காது. அவர்கள் இவ்வளவு சுலபமாக நம்புவார்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

டெல்லியில் தாளத்துக்கு ஒரு மின்பெட்டியை வைத்து வாசித்தார்கள். பெட்டி நேரம் தவறாமல் அடித்தது, யாரையும் கவனிக்கவில்லை. திரும்பி வந்து ஒரு முறை கொட்டகையில் சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். ஆண்டாள் இப்போது பெட்டிக்காகப் பாடப் பழகியிருந்தாள். அறிவு அடி எடுக்கும்போது அவள் ஏற்கெனவே போய்விட்டிருந்தாள். சேர வேண்டிய இடங்களில் எல்லாம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். மூவரும் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு முன் அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதே இல்லை.

வாரியம் அவர்கள் பேரில் ஒரு ஒலித்தொகுப்பு வெளியிட்டது: கொசு ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, தலைக்கவசம். அதற்குப் பிறகு சுபாஷ் வாரியத்தின் முகத்துக்கு நேராக எதையும் சொல்லாமலே பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். அளவுப்பாரம் என்ற பெயர் வாரியத்தின் சொத்து என்பதால், யாரோ இரண்டு ஊழியர்கள் அந்தப் பெயரில் கொஞ்ச காலம் வாசித்தார்கள். ஆண்டாளுக்கு வாரியத்திலேயே குரல் ஒருங்கிணைப்பாளர் பதவி கிடைத்தது. அறிவு டிராக்டர் ஓட்டினான். டிரம்ஸ் செட்டின் மேல் ஆயம்மாள் தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்தாள். சில வருஷங்கள் இப்படியே போயின.

பிறகு ஒரு நாள் கள்ளக்குறிச்சியிலிருந்து அவன் சித்தப்பா அழுதுகொண்டே போன் செய்தார். ஊரெல்லாம் அறிவின் படத்தோடு நினைவேந்தல் போஸ்டர் ஒட்டியிருக்கிறது, எப்போது நடந்தது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். போனை எடுத்தது அறிவுதான். சித்தப்பாவைச் சமாதானம் செய்ய நேரமாயிற்று.

வாரிய அலுவலகத்துக்குப் போய் விசாரித்தான். தெய்வசிகாமணி இப்போது இயக்குநர். அவனை அடையாளம் கண்டுகொண்டு அன்போடு உட்கார வைத்தார். உயிரோடிருக்கும் குழுக்களுக்கு விழா எடுக்க வாரியத்தில் வழியே இல்லை, மறைந்தவற்றுக்குத்தான் இருக்கிறது, உங்களை எப்படியாவது கௌரவிக்க வேண்டும் என்றுதான் இந்த ஏற்பாடு என்றார். கட்டாயம் வர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

கல்யாண மண்டபத்தில் விழா. மேடையில் மூவர் படத்துக்கும் சந்தன மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருந்தார்கள். சுபாஷ் வரவில்லை. அறிவு வேட்டி சட்டையில் போய் வாசலில் பெயர் சொன்னதும், மறைந்த கலைஞரின் குடும்பத்தாருக்கான வரிசையில் உட்கார வைத்தார்கள். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க ஆண்டாள் மைக் முன்னால் வந்து நின்றாள். பட்டுப்புடவை, கண்ணாடி. அவள் குரலில் ஒரு பிசிறு இல்லை.

“நாட்டுப்புற மண்ணின் தாளமும் நவீனத்தின் தேடலும் சங்கமித்த ஒரு வரலாற்றுத் தருணம் அளவுப்பாரம்” என்று அவள் படித்தாள். “வாரியத்தின் வழிகாட்டுதலால் மலர்ந்து, தன் பணியை நிறைவுசெய்து, காலத்தோடு கலந்தது.”

தெய்வசிகாமணி உட்கார்ந்தபடியே பேசினார். இந்தக் குழு தொடங்கியபோது கரடுமுரடாக இருந்தது, கேட்பவர்கள் அழுதார்கள், எழுந்து போனார்கள். வாரியம் கையில் எடுத்த பிறகு ஒருவர்கூட அழவில்லை, ஒருவர்கூட எழுந்து போகவில்லை, இதைவிட ஒரு நிறுவனம் கலைக்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்டார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அறிவும் நின்றான். தன் படத்தைப் பார்ப்பதா, தலையைக் குனிவதா என்று தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்தான்.

கூட்டம் பந்திக்கு நகர்ந்தபோது அவன் வாசல் பக்கம் ஒதுங்கினான். ஆண்டாள் விருந்தினர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். அவன் முன்னால் வந்ததும் நின்றாள். அவள் கைகள் கும்பிட்டபடியே இருந்தன.

“வாங்க அறிவுச்செல்வன்” என்றாள். “நல்லா இருக்கீங்களா? சாப்ட்டீங்களா?”

மோட்டார் கொட்டகையில், வேனில், மலையில் ஒரு நாளும் அவள் அவனை ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. அறிவுக்குக் காது அடைத்ததுபோல இருந்தது. டேய் என்று அவள் கூப்பிட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான். அன்று லோடு இல்லை என்பதை, வேனில் நினைத்ததை, எல்லாவற்றையும்.

“சாப்ட்டேன் மேடம்” என்றான்.

அவளுடைய கும்பிட்ட கைகள் இறங்கின. வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து யாரோ இயக்குநர் கூப்பிடுகிறார் என்றார்கள். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். இரண்டு எட்டு போய்த் திரும்பிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

அவன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். ரிஷிவந்தியம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டியதும்தான் வயிறு காந்துவது தெரிந்தது. காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.